எங்கள் காலில் சிவப்புத் தெரியாது

அழற்சிக்கு ஐந்து அடையாளம் என்று தாதியர் கல்லூரியில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். சிவப்பு, சூடு, வீக்கம், வலி, அந்த உறுப்பு வேலை செய்யாமல் போவது. அழற்சி என்ற சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம். உடம்பில் ஓரிடத்தில் கிருமி நுழைந்தால் உடம்பு அங்கே இரத்தத்தைக் கூடுதலாக அனுப்பிச் சண்டை போடுகிறது. இரத்தம் கூடுவதால் சிவப்பும் சூடும். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதால் வீக்கம். வீங்கி இறுகுவதால் வலி. வலிக்கிற கால் நடக்காது. இவ்வளவுதான் பாடம்.

பாடத்துக்குப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. வெள்ளைக்காரக் கால். முழங்காலுக்குக் கீழே செம்பருத்தி நிறத்தில் சிவந்திருந்தது. எங்கள் டியூட்டர் மிஸ் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, இதைத்தான் சிவப்பு என்கிறோம் என்றார். நான் கையைத் தூக்கி, "மிஸ், எங்க காலில் இது எப்படித் தெரியும்?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

வகுப்பே சிரித்தது. அதில் பாதிப் பேர் என்னைவிடக் கறுப்பு. அவர்களும்தான் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. சோதனையில் சிவப்பு என்று எழுதாவிட்டால் புள்ளி கிடையாது, மற்றதைப் பிறகு யோசிக்கலாம் என்றார். நானும் சிவப்பு என்றுதான் எழுதினேன். ஆனால் அடங்கவில்லை. சின்ன வயதிலிருந்தே தோட்டத்து லயத்து வீடுகளில் எனக்கு வாயாடி என்று பெயர். அந்தப் பெயரை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

எஹலியகொடையிலிருந்து பஸ் பிடித்து, பிறகு ரப்பர் மரங்களுக்கு நடுவே மேலே ஏறினால் எங்கள் தோட்டம் வரும். தேயிலையும் கொஞ்சம் உண்டு, ரப்பர்தான் அதிகம். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார், மாதம் ஒருமுறை வருவார். தோட்டத்தில் நான் படிக்கிற படிப்பைப் பற்றி எல்லோருக்கும் ஒரே சந்தேகம். ஊசி போடுவதற்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று கேட்பார்கள். நோய் வந்த உடம்பு உள்ளே என்ன செய்கிறது என்று படிக்கிறோம் என்றால், "அதெ டொக்டருல்ல படிக்கணும், நீ ஏன் படிக்கிறே?" என்பார்கள். நோயாளியின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பது யார், டொக்டரா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

உண்மையில் அந்தப் பாடம் எனக்கு மற்றவர்களைவிட எளிதாக வந்தது. இரத்தம் உறைவதைப் படித்தபோது கொழும்புப் பிள்ளைகள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்கள். நான் ரப்பர் மரத்தைப் பார்த்து வளர்ந்தவள். பட்டையைச் சீவினால் பால் வடியும், வெயில் ஏறும்போது வெட்டின இடத்தில் தானே உறைந்து அடைத்துக்கொள்ளும். அட்டை கடித்தால் இரத்தம் ஏன் நிற்காமல் ஓடுகிறது என்றும் எனக்குத் தெரியும். அட்டையின் எச்சில் உறையவிடாது. எங்கள் மலையில் மழைக்காலத்தில் அட்டை கடிக்காமல் யாரும் வீடு திரும்ப முடியாது.

அதேபோல ஈடுகட்டுதல் என்று ஒரு பாடம். இரத்த அழுத்தம் விழப் பார்க்கும்போது இதயம் வேகமாக ஓடி, மூச்சு வேகமாகி, சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைத்து, எப்படியாவது அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும். அளந்து பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். எங்கள் தோட்டத்துப் பால் வெட்டுக் கும்பலில் யாருக்காவது முடியாமல் போனால் மற்றவர்கள் அவள் மரத்திலும் பால் வெட்டிவிடுவார்கள். ஸ்டோரில் பாலை நிறுக்கிறபோது நிறை குறையாது. கங்காணிக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் வெட்டினவர்களின் இடுப்பு முறிந்துபோயிருக்கும். இந்தப் பாடத்தை நான் மனப்பாடம் செய்யவே இல்லை.

இரண்டாம் வருடச் சோதனைக்கு முன்னால் படிப்பதற்கு லீவு கொடுத்தார்கள். வீட்டுக்குப் போனேன். நல்ல மழை அடித்து ஓய்ந்திருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்தபோது இடது காலை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"என்னாம்மா கால்ல?"

"ஒண்ணுமில்ல. அட்டை கடிச்சுது. அரையில நெறி கட்டியிருக்கு, அதான் இழுக்குது. மலையேறி எறங்குனா நெறி கட்டாதா?"

சேலையை விலக்கிக் காலைக் காட்டச் சொன்னேன். கணுக்காலுக்குப் பின்பக்கம் ரப்பர் பால் காய்ந்து ஒரு தோலாக ஒட்டியிருந்தது. எங்கள் ஆட்களின் வைத்தியம் அது. அட்டை கடித்து இரத்தம் நிற்காவிட்டால் மரத்தில் கட்டிய சிரட்டையில் இருக்கிற பாலை விரலால் தொட்டுக் கடிவாயில் வைத்துவிடுவார்கள். நிமிடத்தில் காய்ந்து இரத்தத்தை அடைத்துவிடும். கத்தி பட்டாலும் அதுதான், கல் குத்தினாலும் அதுதான். பால் வெட்டுகிறவர்கள் தவிர வேறு யாருக்கும் இந்த வைத்தியம் தெரியாது, வாய்ப்பும் கிடையாது. சின்ன வயதில் எனக்கும் அம்மா அப்படித்தான் வைத்துவிடுவாள். அதை உரித்தெடுப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு.

அதைத் தண்ணீரில் நனைத்து உரித்தேன். கீழே கடிவாய் வெளுத்துப்போய், அழுத்தினால் கலங்கலாக நீர் வந்தது. கெட்ட வாடை. அம்மா முகத்தைச் சுளித்தாள். கிருமி உள்ளே போன பிறகு பாலை வைத்து மூடியிருக்கிறாள். திருடனை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினமாதிரி என்று சொன்னேன்.

"ஊர்ல எல்லாருந்தான் வைக்கிறாங்க. எனக்கு மட்டுமா திருடன் வர்றான்?"

கால் சிவக்கவில்லை. அதை நான் நன்றாகப் பார்த்தேன். அம்மாவின் கறுப்பு இன்னும் கொஞ்சம் கறுத்து, ஊதா கலந்து, எண்ணெய் பூசினாற்போல் பளபளத்தது. தோல் இழுத்துப் பிடித்திருந்தது. புறங்கையை முதலில் வலது காலில் வைத்தேன், பிறகு இடது காலில். இடது கால் இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிபோலச் சுட்டது. அந்தச் சூடு எங்கே முடிகிறது என்று புறங்கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே போனேன். கெண்டைக்கால் நடுவில் முடிந்தது.

அந்த எல்லையில் கோடு போட்டுவைக்க வேண்டும் என்று வார்ட்டில் பழக்கியிருந்தார்கள். சூடு கோட்டைத் தாண்டினால் நோய் ஏறுகிறது என்று அர்த்தம். என் நீலப் பேனாவால் போட்டேன், அம்மாவின் தோலில் கண்ணுக்கே தெரியவில்லை. அதுவும் வெள்ளைக் காலுக்குச் செய்ததுதான் போலிருக்கிறது. எழுந்து போய்ச் சாமி மாடத்திலிருந்து திருநீற்றை எடுத்துத் தண்ணீரில் குழைத்துக் கோடு போட்டேன்.

"சாமி துன்னூற எடுத்துக் கால்ல பூசுறியே, நீ வெளங்குவியா?"

"நீங்க முதல்ல வெளங்குங்கம்மா. நாளைக்கு டிஸ்பென்சரிக்குப் போறோம்."

அப்போதுதான் சொன்னாள், ஏற்கெனவே போய்விட்டு வந்துவிட்டாளாம். கால் வீங்கத் தொடங்கிய அன்றைக்கே போயிருக்கிறாள். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தே எட்டிப் பார்த்து, சிவக்கவில்லை, பழுக்கவில்லை, நரம்பு இழுத்திருக்கும் என்று பனடோல் மாத்திரையும் தைலமும் கொடுத்து அனுப்பிவிட்டார். வேலைக்குப் போகலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அம்மா அதை ஒரு நல்ல செய்தியாகத்தான் என்னிடம் சொன்னாள்.

மறுநாள் நான் கண்விழிக்கும்போது அவள் வேலைக்குப் போய்விட்டிருந்தாள். நாள்கணக்காக மழை, அன்றுதான் வெயில் முகம் தெரிந்தது. மழையில் பால் வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது. அப்படிப் போன நாளுக்குப் பிறகு வருகிற வெட்டை எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். பகல் திரும்பி வந்தவள் படியில் உட்கார்ந்து, "குளுருது புள்ள" என்றாள். உச்சி வெயில் அது. பல்லோடு பல் அடித்தது. காலைத் தொட்டுப் பார்த்தேன். திருநீற்றுக் கோட்டைத் தாண்டிச் சூடு முழங்காலுக்கு ஏறியிருந்தது.

நாடியைப் பிடித்தேன். ஓடிவந்தவளுக்கு ஓடுவதுபோல் ஓடியது. மூச்சும் மேலேமேலே வாங்கினாள். காலையிலிருந்து ஒண்ணுக்குப் போனீங்களா என்று கேட்டேன். போகவில்லை, தண்ணீர் குடிக்காததால் இருக்கும் என்றாள். கிருமி இரத்தத்தில் இறங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா செத்துப்போவாள் என்று தெளிவாக நினைத்தேன், இன்றைக்கே கொண்டுபோகாவிட்டால் செத்துப்போவாள் என்று.

ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து வாகனம் வேண்டுமென்றால் டிஸ்பென்சர் ஐயா சொல்ல வேண்டும். அம்மாவைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போனேன். அவர் அம்மாவின் கையில் பட்டையைக் கட்டி அழுத்தத்தை அளந்தார்.

"பிரஷர் நல்லாத்தானே இருக்கு. காய்ச்சலுக்கு மாத்திரை தாறேன்."

"ஐயா, பிரஷரெ ஒடம்பு புடிச்சு வச்சிருக்கு. நாடியப் பாருங்க. மூச்சப் பாருங்க. ஒண்ணுக்குப் போகல."

"படிக்கிற புள்ளைங்களுக்கு எல்லா நோயும் பெருசாத்தான் தெரியும். கால் செவக்கவே இல்லையே."

"எங்க கால் எப்பய்யா செவந்திருக்கு? நீங்க தொட்டுப் பாருங்க."

அவர் தொடவில்லை. மேசையைச் சுற்றி வரவும் இல்லை. இன்றைக்கு மருந்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, குறையாவிட்டால் நாளைக்கு எழுதித் தருகிறேன் என்றார். நாளைக்கு பிரஷர் விழுந்த பிறகு நம்பி என்ன பிரயோசனம் என்று கேட்டேன். மரியாதையாகப் பேசு என்றார். அதற்கு மேல் அங்கே நின்றால் நான் மரியாதையாகப் பேசியிருக்கமாட்டேன். கீழ்க்கிராமத்தில் த்ரீவீல் ஓட்டுகிற சிங்கள அண்ணன் ஒருவருக்குப் போன் போட்டேன். அவர் ஏன், என்ன என்று கேட்காமல் வந்துவிட்டார்.

அம்மா ஏறமாட்டேன் என்றாள். குளித்துவிட்டுத்தான் வருவாளாம். பாலும் காய்ந்து ஒட்டின ஒட்டுப்பாலும் பட்டுப் பட்டு எங்கள் உடுப்பில் ஒரு புளித்த வாடை இருக்கும், எவ்வளவு துவைத்தாலும் போகாது. ஆஸ்பத்திரியில் மூக்கைப் பொத்துவார்கள் என்று அவளுக்கு வெட்கம். சாகப்போகிறவள் வாடைக்கு வெட்கப்படுகிறாள். எனக்கு வந்த கோபம் அவள்மேல் இல்லை, அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள்மேல். ஆனால் அந்த நேரம் அவள்மேல்தான் கத்தினேன். "நாத்தம் அடிச்சா அடிக்கட்டும், ஏறுங்க" என்றேன். த்ரீவீல் அண்ணன் இறங்கி வந்து, சிங்களத்தில், "என் வண்டி அதைவிட நாறும் அக்கா, ஏறுங்க" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே ஏறினாள்.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. எங்கே போயிருந்தாலும் இதே கதைதான். வெளிநோயாளர் பிரிவில் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்த ஒரு டொக்டர் இருந்தார். கண் சிவந்து களைத்துப்போயிருந்தார். காலைப் பார்த்ததும், "ரத்து நேனே" என்றார். சிவப்பு இல்லையே என்று அர்த்தம். பிறகு திருநீற்றுக் கோட்டைப் பார்த்துவிட்டு, மந்திரித்தீர்களா என்று கேட்டார். மந்திரித்துவிட்டுப் பிந்தி வந்திருக்கிறார்கள் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

நான் சிங்களத்தில் சொன்னேன். அது மந்திரம் இல்லை, நேற்று மாலை சூடு முடிந்த இடம். இன்றைக்கு எங்கே முடிகிறது என்று நீங்கள் பாருங்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள், முதலில் நல்ல காலில் வையுங்கள். நான் தாதிப் படிப்புப் படிக்கிறேன், இது என் அம்மா.

அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கையுறையைக் கழற்றினார். வலது காலில் கையை வைத்தார், இடது காலில் வைத்தார், கோட்டைத் தாண்டி மேலே கொண்டுபோனார். முழங்காலில் கை நின்றது. அதற்குப் பிறகு அவர் நடந்த நடை வேறு. அழுத்தம் அளந்தபோது விழுந்திருந்தது. கட்டில் வந்தது, இரண்டு கையிலும் ஊசி ஏறியது, சேலைன் ஓடியது, இரத்தம் எடுத்த கையோடு மருந்து ஏற்றினார்கள். அம்மா என்னைப் பார்த்து, "நீ யாரு வூட்டுப் புள்ள?" என்று கேட்டாள்.

புத்தகத்தில் படித்ததெல்லாம் அவள் உடம்பில் வரிசைப்படி நடந்துகொண்டிருந்தது. மூளைக்கு இரத்தம் குறைந்தால் இப்படிப் பேசுவார்கள் என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். படிக்காத மகளாக இருந்திருந்தால் சாமியை வேண்டிக்கொண்டாவது இருந்திருப்பேன். நான் சிறுநீர்ப் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் ஒரு சொட்டாவது விழ வேண்டும் என்று பார்த்தேன். விழுந்தபோது அழுதுவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரி என்னவோ ஏதோ என்று பயந்துபோனாள்.

காலைக் கீறிச் சீழை எடுத்தார்கள். கணுக்காலுக்குப் பின்னால் கொஞ்சம் சதையும் போனது. கால் போகலாம் என்றுகூட ஒருநாள் பேச்சு வந்து, மறுநாள் அந்தப் பேச்சு நின்றது. அம்மாவுக்கு நினைவு திரும்பியதும் கேட்ட முதல் கேள்வி, தன் மரத்தில் யார் பால் வெட்டுகிறார்கள் என்பது.

பிறகு ஒரு காலை பெரிய டொக்டர் வார்ட்டைச் சுற்றி வந்தார். பின்னால் வேறொரு கல்லூரியின் தாதி மாணவிகள் கூட்டமாக வந்தார்கள். நான் வீட்டு உடுப்பில் அம்மாவின் கட்டிலோரம் நின்றேன். அவர்களுக்கு நான் ஒரு தோட்டத்து நோயாளியின் மகள், அவ்வளவுதான். பெரிய டொக்டர் கட்டில் காலடியில் நின்று சிங்களத்தில் விளக்கினார். ரப்பர் வெட்டுகிற பெண். காயத்தில் பாலைப் பூசியிருக்கிறாள். இந்த ஆட்கள் இப்படித்தான், கைவைத்தியம் செய்துகொண்டு வீட்டில் கிடந்துவிட்டு, எல்லாம் முற்றிய பிறகு பிந்தி வருவார்கள். மாணவிகள் தலையாட்டி எழுதினார்கள்.

அம்மாவுக்கு சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரிந்தது. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், வாங்கிக்கொள்ளப் பழகின முகத்தோடு.

நான் பேசினேன். "சேர், பாலைப் பூசினது தப்பு. அது நாங்க திருத்திக்க வேண்டியது. ஆனா அம்மா பிந்தி வரல்ல. வீங்கின அன்னைக்கே வைத்தியம் தேடிப் போனாங்க. சிவக்கலன்னு திருப்பி அனுப்பினாங்க. இங்கயும் முதல்ல சிவக்கலன்னுதான் சொன்னாங்க. அம்மா நேரத்தோடதான் வந்தாங்க. பாத்தவங்கதான் பிந்திப் பாத்தாங்க." சிங்களத்தில் இதைவிடக் கொஞ்சம் கூர்மையாகவே சொன்னேன்.

மாணவிகளின் பேனா நின்றது. அவர்களை அழைத்துவந்த மிஸ் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். என் கல்லூரிக்குத் தகவல் போகும், என் படிப்புக்கு வேட்டு வைத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். வைத்தால் வைக்கட்டும் என்றும் நினைத்தேன். பெரிய டொக்டர் என்னைப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் அம்மா அசைந்தாள். போர்வையைத் தானே இழுத்து விலக்கினாள். அந்நியர் முன்னால் கணுக்கால் தெரிந்தாலே சேலையை இழுத்துவிடுகிறவள், கட்டுப்போட்ட காலையும் போடாத காலையும் முழங்கால் வரைக்கும் வெளியே வைத்தாள். கட்டுக்கு மேலே தோல் இன்னும் ஊதா கலந்துதான் இருந்தது. முன்வரிசையில் நின்ற, அவளைப்போலவே கறுத்த ஒரு பிள்ளையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"துவ, அல்லலா பலன்ன" என்றாள். மகளே, தொட்டுப் பாருங்க.

அந்தப் பிள்ளை மிஸ்ஸைப் பார்த்தது, பெரிய டொக்டரைப் பார்த்தது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிட்ட வந்து உள்ளங்கையை நீட்டியது. அம்மா அந்தக் கையைப் பிடித்துப் புறங்கையாகத் திருப்பி, நல்ல காலில் வைத்தாள். பிறகு மற்றக் காலில், கட்டுக்கு மேலே வைத்தாள். சூடு பட்டதும் பிள்ளையின் முகம் மாறியது.

பெரிய டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போகவில்லை. அம்மா அந்தப் பிள்ளையின் கையை விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் நின்றவளைக் கூப்பிட்டாள்.